நின்றுபோன அந்த நொடி

1968 பிப்ரவரி 1. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. சைகோன் தெருவில், கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதியைக் காவல்துறைத் தலைவர் நுயென் நோக் லோன் தலையில் சுட்டார். ஏபி செய்தி நிறுவனத்தின் எடி ஆடம்ஸ் புகைப்படம் எடுத்தார். என்பிசி தொலைக்காட்சியின் வோ சூ அதையே படம்பிடித்தார்.

இரண்டையும் பார்த்திருக்கிறேன். வீடியோவில் உடல் சரிகிறது, ரத்தம் பீறிடுகிறது. பதறுகிறோம், அதற்குள் முடிந்துவிடுகிறது. புகைப்படத்தில் அந்தக் கைதி இன்னும் விழவில்லை. கட்டம்போட்ட சட்டை, கோணிய வாய், இடுங்கிய கண் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரம்தான் வலிக்கிறது.

ஆனால், முன்பின் நடந்ததைப் புகைப்படம் சொல்லாது. லோனின் வாழ்க்கையை அந்த ஒரு நொடியே தீர்மானித்துவிட்டதே என்று ஆடம்ஸ் பின்னாளில் வருந்தினார்.

படம் மனதை உலுக்கினால், அதோடு நிறுத்தாமல் என்ன நடந்தது என்றும் தேடிப் படிப்போம்.