பால்வெட்டு இல்லாத காலை

விடியற்காலை ஐந்து மணிக்கு தொழிலாளர் லயத்தின் தகரக் கூரையில் மழை கொட்டினால், கெடா மாநிலத்துக் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் போர்வை இன்னொரு முறை தலைவரை ஏறும். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம்: பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரத்தோடு இறங்கிவிடும், பால் பிடிக்கும் மங்கில் நிற்பது மழைத்தண்ணீர். மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையைத் தடுக்கும் முறை பிற்பாடுதான் வந்தது.

அதுவரை மழைநாள் என்றால் வீட்டு நாள். விறகடுப்பு அணையாமல் எரியும். இரும்புக் குவளையில் பால் சேர்க்காத கோப்பி ஓ. அடுப்படியில் எழுத்துத் தெரிந்த ஒருவர் நாலு நாள் பழைய ‘தமிழ் நேசன்’ நாளிதழை விரித்து உரக்க வாசிப்பார், மற்றவர்கள் காலை நீட்டிக் கேட்பார்கள். வாராந்திரத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, சாக்கு ஊசியால் தைத்து, அட்டை போட்ட ‘புத்தகம்’ லயத்தில் வீடு வீடாகச் சுற்றும். திரும்பி வரும்போது மஞ்சள் கறையும் கோப்பி வளையமும் கூடவே வரும்.

குளிர் என்கிறோமே, எவ்வளவு குளிர்? மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1978இல் கேமரன் மலையில் பதிவானது. கெடா சமவெளியில் 22 டிகிரிக்கு இறங்கினாலே பெட்டியின் அடியிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். சிரிக்க வேண்டாம். தமிழனுக்குத் தெரிந்த குளிர் எப்போதும் ஈரக்குளிர்தான். நக்கீரரின் நெடுநல்வாடையில் பனிக்கட்டி கிடையாது, மழையும் வாடையும்தான். அதிலேயே இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள், குளிரில் யாழ் நரம்பு விறைத்துப் போகிறது.

உண்மையான குளிர்காலம் தோட்டத்தில் மரங்களுக்குத்தான். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரம் இலையை எல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பால் சுரப்பு குறையும். வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு வைத்த பெயரே ‘விண்டரிங்’. பனி பெய்யாத ஊரில் அவர்கள் கண்ட ஒரே குளிர்காலம்.

குளிர்கால வாசிப்பில் ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி. டிசம்பரில் நாலு மணி நேரமே பகல் பார்க்கும் தலைநகர் அவர்களுடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மற்ற பொருள்களுக்குத் தட்டுப்பாடு இருந்தபோது காகிதம் ஓரளவு கிடைத்தது. கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் கொடுக்கும் பழக்கம் வலுத்தது. 1944 முதல் புதிய நூல்களின் பட்டியல் அச்சாகி வருகிறது. அந்தப் பருவத்துக்கே ‘புத்தக வெள்ளம்’ என்று பெயர். பரிசைப் பிரித்து, போர்வைக்குள் புகுந்து, இரவு முழுக்கப் படிப்பது அவர்கள் வழக்கம்.

கரங்கானில் வந்ததும் வெள்ளம்தான். ஆனால் அடுப்படிக் கதகதப்புக்கு ஒரு நாள் கூலி விலை. மழை கொடுத்த ஓய்வில் கதை கேட்டவர்களின் காது ஒன்று கூரை மேலேயே இருந்தது: மழை விட்டால் ஓடிப்போய் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலாவது பொறுக்கலாமே என்று. வெளியூர்க்காரர்கள் தோட்டத்து மழைநாளை அழகாக நினைவுகூரும்போது இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் கூலிம் போகிறார்கள். 1996இல் திறந்த உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சில்லு செய்யும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே ‘கிளீன் ரூம்’ குளுகுளுவென்று இருக்கும். உடம்பு முழுக்க மூடிய உடையோடுதான் உள்ளே போக வேண்டும். ஆனால் புத்தகம் கொண்டுபோக முடியாது. சாதாரணக் காகிதம் நுண்தூசி உதிர்க்கும் என்பதால் உள்ளே அதற்கே இடமில்லை. ஊரின் மிகக் குளிர்ந்த அறை, வாசிக்கவே முடியாத அறை!

ஆனாலும் இந்த வட்டாரம் எழுத்தை விடவில்லை. லுனாஸில் பிறந்த ம. நவீன், 1981இல் அங்கே சம்சு சாராயம் பலி வாங்கியதைப் ‘பேய்ச்சி’ நாவலுக்குள் கொண்டுவந்தார். சுங்கைப்பட்டாணி சீ. முத்துசாமி தோட்ட வாழ்வை ‘மண் புழுக்க’ளில் எழுதினார், 2017இல் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. அடுப்படியில் கேட்ட கதைகளின் பேரப்பிள்ளைகள் என்று இவற்றைச் சொன்னால் தப்பில்லை.

தைத்த அட்டைப் புத்தகங்களோ லயம் இடிந்தபோது கரையானுக்குப் போயின. மிச்சம் எங்காவது தாத்தாவின் தகரப்பெட்டியில் இருக்கலாம். ரப்பர் இலை உதிரும் அந்த வறண்ட மாதங்களில் பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். தைத்த நூல் அறுந்திருந்தால், மறுமழைக்கு முன்னே தைத்துவிடுங்கள்.