ஜாமெட்ரி பாக்ஸில் நீல மாத்திரைகள்

திண்டுக்கல்லில் பிளஸ் ஒன் படிக்கும் அந்தப் பெண் காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். அதுவரை அவள் 'டயட்'டில் இருந்தது நாலு தோழிகளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வீட்டில் எப்படித் தெரியும்? காலையில், "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா." மதிய டிபன் பாக்ஸ் காலியாகத்தான் திரும்பும், சாதம் தோழிகளுக்குப் போய்விடும். ராத்திரி, "வயிறு ஒரு மாதிரியா இருக்கு." நடுவில் வந்த சித்தி வேறு, "அடியாத்தி, இளைச்சு எவ்வளவு அழகாயிட்டே!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "என்னக்கா, பொண்ணு பூசுன மாதிரி ஆயிட்டா?" என்று கேட்டவளும் இதே சித்திதான். கேட்டுவிட்டு அவள் பந்திக்குப் போய்விட்டாள். பெண் அன்று பந்தியில் உட்காரவில்லை.

டயட் என்றால் என்ன என்று கேட்டால், "சாப்பிடாம இருக்கறது" என்பாள். ஹெல்தி என்றால்? "பாக்கெட்ல மல்டிகிரெய்ன்னு போட்டிருக்கும்ல, அது." பாட்டி கரைத்து வைக்கும் கம்மங்கூழ் அந்தக் கணக்கில் வராது. அது ஊர்ச் சாப்பாடாம்! ஒரு நாளைக்கு 1,200 கலோரி போதும் என்று யூடியூபில் யாரோ சொன்னது மட்டும் மனப்பாடம். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 2,500 கலோரி வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. இரும்புச்சத்து 32 மில்லிகிராம். அதே வயதுப் பையனுக்கு 26 போதும். மாதாமாதம் ரத்தத்தை இழப்பவள் அவள்தானே?

"நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டே? ஒண்ணு விடாம சொல்லு" என்றார் டாக்டரம்மா.

"கிரீன் டீ... வெள்ளரிக்காய்... ரெண்டு பிஸ்கட்."

ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அது இருக்கிறது. டயட் இருப்பவர்கள் மட்டுமல்ல, எல்லாரையும் சேர்த்து.

"ஸ்கூல்ல வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை தர்றாங்களே, போடறியா?"

பதில் இல்லை. டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "நானா? காலையில காபி. பதினோரு மணிக்கு மிச்சம் இருந்த ரெண்டு இட்லி. ராத்திரி எனக்குப் பசிக்காதுங்க."

"உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்."

அம்மாவுக்கு 9.1.

சாப்பிட்ட கையோடு காபி, டீ கூடாது. அவை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது. இருவருக்கும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அன்று இரவு ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், உள்ளே பதினொரு நீல மாத்திரைகள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியபோது உள்ளங்கையில் மறைத்தவை. போட்டால் குண்டாகிவிடுவோம் என்று வகுப்பில் ஒரு பேச்சாம். அம்மா திட்ட வாயெடுத்தாள், "ஏண்டி, நீ ராத்திரி சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று பாட்டி குறுக்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது ராத்திரியில் மூன்று தட்டு வைக்கிறாள் பெண். அம்மா உட்காராமல் தன் தட்டைத் தொடுவதில்லை. எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. போன வாரம் ஒரு கிலோ கூடியிருந்தது. சற்று நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி வந்து கூழ் குடித்தாள்.