ரேடியேட்டரும் வடபெண்ணையும்

போகி, இரவு, ஓசூர்

விடியுமுன்பே திருவட்டாற்றிலிருந்து ஆந்திராவின் கண்டிகோட்டைக்குக் கிளம்பியாயிற்று. அம்மாவுக்கு முகம் சரியில்லை. "பொங்கலும் அதுவுமா வீட்டப் பூட்டிக்கிட்டு பாறையப் பாக்கப் போறியளாடே?" ஓசூரில் மச்சினன் வீட்டு முற்றத்தில் பொங்கலிடலாம் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். காவல்கிணற்றில் ஏறினால் ஸ்ரீநகர் வரை ஒரே சாலை, 44ஆம் எண். காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணையைக் கடந்தோம். நாளை பார்க்கப்போவது வடபெண்ணை. இரண்டும் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஒன்று கடலூருக்கும் மற்றது நெல்லூருக்கும் போகின்றன.

பொங்கல், மாலை, தாடிபத்ரி தாண்டி

சாலையின் இருபுறமும் கல் அறுக்கும் பட்டறைகள், அடுக்கிவைத்த பலகைக் கற்கள். நம் ஊர் அடுக்களைத் தட்டுகளுக்கெல்லாம் போகிற கடப்பாக் கல். "நம்ம அடுக்களக் கல்லு இங்கேருந்தா வருது?" என்று அம்மா ஆர்வமாகக் கேட்ட நேரத்தில்தான் வெப்பமுள் மேலே ஏறியது. பானெட்டிலிருந்து ஆவி. ஓரங்கட்டினேன்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் வெடித்திருந்தது. "வெள்ளம் ஊத்து மக்கா" என்றாள் அம்மா. ஊற்றக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அத்தனையும் முகத்தில்தான் பீறிடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட்டே விரிசல் விடலாம். பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சங்கராந்தி என்பதால் வழியில் ஒரு மெக்கானிக் கடையும் திறந்திருக்கவில்லை.

கல் ஏற்ற வந்த நாமக்கல் லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கிவந்து பார்த்தார். கிழிந்த நுனியை மட்டும் கத்தியால் அறுத்தெறிந்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்துச் சொருகி, மேலே டியூப் ரப்பரைச் சுற்றிக் கிளாம்பை முறுக்கினார். "சார், மூடிய முழுசா முறுக்காதீங்க, லூசா இருக்கட்டும். அழுத்தம் ஏறினா மறுபடி புடுங்கிக்கும். ஹீட்டர ஃபுல்லா வச்சு மெதுவா போங்க." காசு வாங்கவில்லை, அம்மா கொடுத்த முந்திரிக்கொத்தை வாங்கிக்கொண்டார். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை வண்டிக்குள் கொண்டுவந்து கொட்டும். கடப்பா வெயிலில் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு ஜம்மலமடுகு வரை வெந்துபோனோம். முள் மட்டும் இறங்கிவிட்டது.

மாட்டுப் பொங்கல் (இங்கே கனுமா), கண்டிகோட்டை

வண்டியை லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டு, பதினைந்து கிலோமீட்டரும் ஆட்டோவில் வந்தோம். கோட்டைக்குள் ஊர் இருக்கிறது, வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஜும்மா மசூதியையும் தானியக் களஞ்சியத்தையும் தாண்டிப் பாறைகளில் தத்தித் தத்தி ஏறினால், தரை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே வடபெண்ணை. சிவந்த பாறை பட்டை பட்டையாக, வெட்டிவைத்தாற்போல் நேராக இறங்குகிறது. ஆழம் சுமார் 300 அடி என்கிறார்கள். மகன் கணக்குப் போட்டான்: எங்கள் ஊர்ப் பக்கத்து மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை நிறுத்தினாலும் விளிம்புக்கு எட்டாது. நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய கல் இது. அதை அறுத்த ஆறோ ஆண்டில் பல மாதம் மெலிந்துதான் ஓடும். இப்போது தெரியும் நீர்ப்பரப்பு, கீழே மைலவரம் அணை தேக்கியது.

இதை 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று சொல்லிச் சொல்லியே சிறுமைப்படுத்திவிட்டார்கள். கொலராடோ பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அளவில் இது அதன் கிட்டேயே வராது. ஆனால் இங்கே பள்ளத்தாக்கையே அகழியாக வைத்துக் கோட்டை கட்டி ஆண்டிருக்கிறார்கள். விஜயநகரத்துக்கு அடங்கிய பெம்மசானி நாயக்கர்கள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தான். 1652இல் அவனைத் தேடி இங்கே வந்த பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவெர்னியே, இந்தக் கோட்டையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

ரங்கநாதர் கோவிலுக்குள் போன அம்மா உடனே வெளியே வந்துவிட்டாள். "பெருமாள் எங்கடே?" கருவறை வெறுமை. திருவட்டாற்றில், மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் 22 அடி ஆதிகேசவனைத் தினம் சேவிக்கிறவள். நானூறு வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலையில் அங்கே நடந்த குடமுழுக்கை நெரிசலில் நின்று பார்த்தவள். வெறுங்கருவறைக்கும் கைகூப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள். பள்ளத்தாக்கை ஒரே ஒரு தடவை எட்டிப்பார்த்தாள்.

மறுநாள், ஜம்மலமடுகு

மெக்கானிக் புது ஹோஸ் போட்டார், கிளாம்புகளையும் மாற்றினார், கூலண்ட் நிரப்பினார். கீழ் ஹோஸும் உள்ளே உப்பியிருந்ததைக் காட்டினார், அதையும் மாற்றியாயிற்று. இனி மூடியை முழுசாக முறுக்கலாம்.

பழைய வண்டியோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள், கிளம்புமுன் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றோ மொறுமொறுவென்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் வந்தால் உதிரி ஹோஸ் ஒன்றும் கையில் இருக்கட்டும். கோட்டை விளிம்பில் தடுப்புக் கம்பியை நம்ப வேண்டாம், பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.