ஆரணி டு ஜவ்வாது மலை: சைக்கிளில் போனால் தண்ணீரை எங்கே வைப்பது?

புவிசார் குறியீடு பெற்ற பட்டுச்சேலைதான் ஆரணியின் அடையாளம். அந்த ஊருக்கு மேற்கே போனால் ஜவ்வாது மலை. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற பயணம்.

ஆரணியை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரிலேயே தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறது: கமண்டல நாகநதி. கமண்டலம் என்பது முனிவர்கள் கையோடு கொண்டுபோன நீர்ச்செம்பு. ஆற்றின் மேற்பகுதியில், மலையடிவாரத்தில் படவீடு ரேணுகாம்பாள் கோயில். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா, பச்சை மண்ணில் குடம் வனைந்து தினமும் நீர் கொண்டுவந்ததும், ஒருநாள் அந்தக் குடம் உடைந்ததும் ஊரறிந்த கதை. மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் அதே கவலைதான். கொண்டுபோகும் தண்ணீர் வீடு திரும்பும்வரை கைவசம் இருக்க வேண்டும்!

இரண்டு வழிகள்

வேலூர் – திருவண்ணாமலை சாலையில் சந்தவாசலில் பிரிந்தால் படவீடு, செண்பகத்தோப்பு அணை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது போதும். கால் பழகியவர்கள் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். மலையில் நினைத்த இடத்தில் கடை இருக்காது. காப்புக்காட்டு மண்பாதைகளுக்கு வனத்துறை அனுமதி அவசியம்.

எவ்வளவு தண்ணீர்?

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்பது பொதுக் கணக்கு. ஏற்றத்திலும் வெயிலிலும் இன்னும் கூடும். நான்கு மணி நேரப் பயணத்துக்குக் குறைந்தது மூன்று லிட்டர். அதாவது மூன்று கிலோ எடை. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

பாட்டில்: சைக்கிள் ஃபிரேமில் கூண்டு மாட்டி வைப்பது. எடை தாழ்வாக இருப்பதால் வண்டி ஆடாது. ஆனால், கரடுமுரடான பாதையில் தெறித்து விழலாம். வாய்ப்பகுதியில் புழுதி படியும். இறுக்கமான கூண்டும் மூடியுள்ள பாட்டிலும் நல்லது.

குழாய் வைத்த முதுகுப்பை: 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸில், கொளுத்தும் வெயிலில் நடந்த 100 மைல் சைக்கிள் பயணத்துக்காக மைக்கேல் ஐட்சன் என்பவர் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டு, முதுகில் கட்டிக்கொண்டார். அதிலிருந்து வந்ததுதான் இது. ஹேண்டில்பாரிலிருந்து அதிக நேரம் கையெடுக்காமலே குடிக்கலாம். இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும். ஆனால், முதுகு வேர்க்கும், தோள் வலிக்கும். இதில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மோர், ஜூஸ் ஊற்றினால் குழாயில் பூஞ்சை பிடிக்கும். வீடு திரும்பியதும் கழுவி, உலர்த்த வேண்டும்.

இடுப்புப்பை: ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் போதும் என்கிற குறுகிய பயணத்துக்கு. தோளுக்குச் சுமை இல்லை.

ஜமுனாமரத்தூர் போகிறவர்களுக்கு, முதுகுப்பையில் இரண்டு லிட்டரும் ஃபிரேம் பாட்டிலில் ஒரு லிட்டர் உப்புப் போட்ட எலுமிச்சை நீரும் சரியான ஏற்பாடு. ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. ஊர் வந்து சேருமுன் பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டால், அங்கேயே சைக்கிளைத் திருப்பிவிடுங்கள். தலைசுற்றலோ வாந்தி உணர்வோ வந்தால் பாதித் தண்ணீர்வரை கூடக் காத்திருக்கக் கூடாது. நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.