காலி பண்ணும் நாளை முதலில் கேள்

மாப்பிள்ளை, சுங்குடிச் சேலை விற்க வெப்சைட் போடப்போகிறாயாம், அக்கா போனில் சொன்னாள். மாதம் 99 ரூபாய்க்கு ஒரு கம்பெனி, 149-க்கு இன்னொன்று, எதை எடுக்கலாம் என்று மாமாவைக் கேட்கச் சொன்னாயாம். விலையை அப்புறம் பேசுவோம். ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு. குடிபோகிற அன்றைக்கு எல்லா வீட்டுக்காரரும் நல்லவர்தான். காலி பண்ணுகிற அன்றைக்குத்தான் ஆள் யாரென்று தெரியும்.

அதனால் முதலில் டொமைனைப் பார். டொமைன் என்பது சைட்டின் பெயர், வாசல் முகவரி மாதிரி; ஹோஸ்டிங் வேறு. சேர்த்து வாங்கினால் டொமைன் இலவசம் என்பார்கள். வேண்டாம், தனியாகவே வாங்கு. சர்வர் சரியில்லையா, சைட்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் ஒன்றிரண்டு வரியைத் திருத்தினால் போதும். சேலை வாங்க வருகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பதிவு உன் பெயரில் இருக்க வேண்டும், ஓடிபி உன் போனுக்கு வர வேண்டும். எங்கள் தெரு ஜவுளிக்கடைக்கு சைட் செய்துகொடுத்த பையன், பெயரைத் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். கட்டைப்பை, காலண்டர், பில் புக் எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தாயிற்று. ரெனியூவல் நோட்டீஸோ யாரும் திறக்காத ஒரு மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாட் காம் பெயர் காலாவதியான மறுநாளே கைவிட்டுப் போய்விடாது. பொதுவாகச் சில வாரம் பொறுப்பார்கள். பிறகும் 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம். அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைக்காரர் இப்போது வேறு பெயரில் வியாபாரம் செய்கிறார்.

அடுத்து, ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். விதிமுறைப் பக்கத்தைக் கீழே வரை படி. இடத்துக்கு எல்லை இல்லை. ஆனால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு இருக்கும். ஐநோட் என்று ஒரு வார்த்தை வரும், அதுதான். நீ ஒரு படத்தை ஏற்றினால், சைட்டை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அதையே பல அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும். முந்தானை, பார்டர், உடல், புள்ளியின் குளோசப் என்று ஒரு சேலைக்கு நாலு படம் போட்டால் இருபது கோப்பு ஆகிவிடும். அதே சர்வரில் மெயிலும் வைத்துக்கொண்டால் வருகிற கடிதம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. இடம் தாராளமாகக் கிடக்கும், புதுச் சேலையின் படம் மட்டும் ஏறாது.

99.9 சதவீதம் ஓடும் என்ற வாக்குறுதியையும் கணக்குப் போட்டுப் பார். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்துக்கிடந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம். அந்த 43 நிமிடம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சாயங்காலமாகவும் இருக்கலாம். நஷ்டஈடு என்று கொடுத்தால் பெரும்பாலும் வாடகையில் ஒரு சிறு கழிவுதான்; போன வியாபாரம் போனதுதான்.

பெரிய கம்பெனி, பயமில்லை என்று மட்டும் நினைக்காதே. 2021 மார்ச் 10-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதும் எரிந்துபோனது. 36 லட்சம் சைட்கள் முடங்கியதாக இணையத்தைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனம் சொன்னது. ஐரோப்பாவிலேயே பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது! ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் ஐரோப்பிய சர்வர்கள் சிலவற்றில் இருந்த தகவல் மீளவே இல்லை. அசலையும் நகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் பலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

ஆகவே ‘பேக்கப் எடுக்கிறோம்’ என்று சொன்னால் எந்த ஊரில் வைக்கிறீர்கள் என்று கேள். அதை நம்பியும் இருக்காதே. வாரம் ஒருமுறை ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்துக்குப் போய் நீயே ஒரு நகலை இறக்கி வீட்டில் வை. ஃபைல் தனி, டேட்டாபேஸ் தனி. டேட்டாபேஸை விட்டுவிட்டால் சேலைப் படம் மட்டும் மிஞ்சும். விலை, ஆர்டர், வாங்கினவர் முகவரி ஒன்றும் இருக்காது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உன் வாடிக்கையாளர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்கும்போது அமெரிக்காவில் எதற்கு, மும்பையில் எடு. ஆரம்பத்துக்கு, ஒரே சர்வரைப் பலர் பங்குபோடும் ஷேர்ட் ஹோஸ்டிங்கே போதும். கூட்டம் சேர்ந்தபிறகு, சர்வரில் உனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கித் தரும் விபிஎஸ் பற்றிப் பேசலாம்.

இப்போது விலை. 99 ரூபாய் என்பது அநேகமாக மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். அடுத்த ரெனியூவலில் என்ன விலை என்பது சின்ன எழுத்தில் இருக்கும், ஜிஎஸ்டி தனி. ஒரு வருஷத்துக்கு மேல் கட்டாதே. கட்டுவதற்கு முன்னால் ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு கம்பெனிக்கும் ஒரே கேள்வியை அனுப்பு: ‘பேக்கப்பை நானே ரீஸ்டோர் செய்யலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?’ எத்தனை மணிக்குப் பதில் வந்தது, கேட்டதற்கு ஒரு ஆள் உட்கார்ந்து எழுதின பதிலா, இல்லை ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ ரகமா என்று திங்கட்கிழமை எனக்குப் போன் பண்ணு. கார்டை அதற்கப்புறம் எடுக்கலாம்.