சேமிக்கப்பட்டது எது?

மொழித் தரவு திரட்டும் நம்மில் பலர் கிரான் என்னும் நிரலை நம்பித்தான் உறங்கச் செல்கிறோம். குறித்த நேரத்தில் குறித்த பணியைத் தானே செய்துமுடிப்பது அதன் வேலை. லினக்ஸ் சேவையகங்களில் இன்று பரவலாக உள்ள கிரான், பால் விக்ஸி 1987இல் எழுதிய நிரலின் வழிவந்தது. எந்தப் பணி எப்போது நிகழ வேண்டும் என்பதை எழுதிவைக்கும் அட்டவணைக்குக் கிரான்டேப் என்று பெயர். அந்த அட்டவணையைத் திருத்திச் சேமித்த பின்னும் அது மாறாமலே இருப்பதுண்டு. இதனைச் சிறு தொழில்நுட்பத் தொல்லை என்றே நானும் கருதியிருந்தேன், ஐதராபாத்தில் என் துறையின் இளைய ஆய்வாளர் ஒருவருக்கு நேர்ந்ததைக் காணும்வரை.

அவரது ஆய்வு தெலுங்குச் செய்தி வாசிப்பில் வரும் இடைநிறுத்தங்களைப் பற்றியது. ஒலிக்கோப்புகளை நாள்தோறும் ஓர் இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். புதிய அறிக்கை ஏறியதும் பழையது நீக்கப்பட்டுவிடும். தளம் தன் நேரத்தை மாற்றியது. அவரும் அட்டவணையில் 7 என்பதை 9 ஆக்கிச் சேமித்தார். ஆயினும் 9 நாள்களுக்கு ஒரு கோப்பும் வந்து சேரவில்லை. அவற்றுள் உகாதி நாளும் ஒன்று. பண்டிகை நாளின் வாசிப்பு மற்ற நாள்களின் வாசிப்பினின்று வேறுபடுகிறதா என்பது அவருடைய இரண்டாம் இயலின் கேள்வி. இனி அந்த நாளுக்காக அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

நெறியாளர் கடிந்துகொள்ளவில்லை. எனினும் ஆய்வேட்டின் வரைவில் இந்த இடைவெளிக்குக் காரணம் “ஆய்வாளரின் கவனக்குறைவு” என்று குறித்துவிடுமாறு சொன்னார். “அக்கா, நான் சேமித்தேன். திரையிலும் சேமிக்கப்பட்டது என்றுதான் இருந்தது” என்று இளையவர் என்னிடம் வந்தார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கிரான்டேப் -இ என்று ஆணையிடும்போது நம்முன் திறப்பது அட்டவணை அன்று; தற்காலிகக் கோப்புறையில் எடுக்கப்பட்ட அதன் படி. தொகுப்பி மூடப்படும்வரை நிரல் காத்திருக்கும். பின்னர் அந்தப் படி கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கும். நேரம் மாறியிருந்தால் வரிகளைச் சரிபார்த்து அட்டவணையில் ஏற்றும். மாறாதிருந்தால் ‘மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுப் படியை அழித்துவிடும்.

எங்கள் பொதுச் சேவையகத்தில் யாரோ இயல்புத் தொகுப்பியாகத் தனிச்சாளரத்தில் திறக்கும் ஒன்றை அமைத்திருந்தனர். அத்தகைய தொகுப்பி சாளரத்தைத் திறந்த கணமே தன் வேலை முடிந்ததென்று கிரான்டேப்பிடம் திரும்பிவிடும். மனிதர் ஓர் எழுத்தையும் தொடுவதற்குள் படி அழிக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் அவர் சேமிக்கும்போது, தொகுப்பி அதே பெயரில் புதிய கோப்பொன்றை எழுதி, சேமித்தாயிற்று என்று அறிவிக்கிறது. அந்தக் கோப்பைப் படிக்க எவரும் இல்லை.

தற்காலிகக் கோப்புறையைத் துழாவினேன். கோப்பு அங்கேயே கிடந்தது. உள்ளே 9 என்று திருத்திய வரி. உடன் 9 நாள்களுக்கு முந்தைய தேதி.

1955இல் ஹார்வர்டில் ஜே. எல். ஆஸ்டின் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. சில சொற்கள் செய்தி உரைப்பதோடு நில்லாமல் செயலாகவும் அமைகின்றன என்பதும், சூழல் பொருந்தாவிடில் அச்செயல் நிறைவேறாது என்பதும் அவற்றின் மையக் கருத்து. ‘சேமி’ என்னும் ஆணையும் அத்தகையதே. தொகுப்பி ‘சேமித்தேன்’ என்றது. கிரான்டேப் ‘மாற்றமில்லை’ என்றது. இரண்டும் மெய், சுட்டும் பொருள்தான் வேறு. சாளரம் முன்னே வந்து மறைத்துக்கொண்டதால் இரண்டாவது கூற்று அவர் கண்ணிலேயே படவில்லை.

தீர்வு எளிது. ஆணைக்கு முன்னால் எடிட்டர்=நானோ என்று குறிப்பிட்டு முனையத்திலேயே திருத்தலாம்; சாளரத் தொகுப்பிதான் வேண்டுமென்றால், பலவற்றில் --வெயிட் என்னும் குறி உண்டு. விஷுவல் என்னும் சூழல் மாறி அமைக்கப்பட்டிருந்தால் எடிட்டர் என்பதைவிட அதற்கே முன்னுரிமை என்பதையும் நினைவிற்கொள்க. வேறு தடைகளும் உள்ளன: கடைசி வரியின் முடிவில் வரிமுறிவு இல்லாவிட்டால் சில வடிவங்கள் அட்டவணையை ஏற்க மறுக்கும், வட்டு நிரம்பியிருந்தாலும் அதே கதி. சேமித்தபின் கிரான்டேப் -எல் என்று கேட்டு அட்டவணையைக் கண்ணால் பார்த்துவிடுவதே உறுதியான வழி. (விசைப்பலகையில் இ-க்கு அடுத்த விசை ஆர். கிரான்டேப் -ஆர் மறுகேள்வி கேட்காமல் முழு அட்டவணையையும் அழித்துவிடும். இப்படி அடுத்தடுத்து வைத்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.)

நெறியாளரிடம் அந்தக் கோப்பையும் அதன் தேதியையும் காட்டினோம். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரைவில் “ஆய்வாளரின் கவனக்குறைவு” என்றிருந்ததை அடித்துவிட்டு, “பொதுச் சேவையகத்தின் அமைப்புக் கோளாறு” என்று தம் கையாலேயே எழுதினார். உகாதிக் கேள்வி இரண்டாம் இயலிலிருந்து இப்போதைக்கு நீக்கப்பட்டிருக்கிறது.