காலிக் கோட்டையில் குடியிருப்பவர்கள்

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் மாத்தறை வண்டி ஏறுபவர்கள் வலது பக்க ஜன்னலுக்கு முந்திக்கொள்ள வேண்டும். கடல் அந்தப் பக்கம்தான். சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு வரிசைக் கருங்கல் மட்டுமே கிடக்கிறது. பாணந்துறை, களுத்துறை, அம்பலாங்கொடை என்று ஊர்கள் போனபின், ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய என்ற சிற்றூர் வருகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் ‘சமுத்திர தேவி’ ரயில் இங்கேதான் சுனாமியில் சிக்கியது. அந்த ஒரு வண்டியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எங்கள் எதிர் இருக்கையில் இருந்த சிங்கள அம்மா அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் அதே காலையில் என்ன நடந்தது என்று அறிந்த நாங்களும் கைகூப்பினோம்.

அதே அலை காலி நகருக்கும் வந்தது. பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் சின்னாபின்னமாக்கியது. ஆனால் மைதானத்தை ஒட்டி நிற்கும் கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். 1663 முதல் டச்சுக்காரர்கள் எழுப்பிய மதில் அவர்களைக் காப்பாற்றியது. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய சுவர், முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்துக் கடலைத் தாங்கியது. காலிக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இருந்தது.

காலி ஒரு குட்டித் தீபகற்பம். மூன்று பக்கமும் இந்தியப் பெருங்கடல், வடக்கே மட்டும் நிலம். 1505 வாக்கில் போர்த்துகீசியர் வந்தார்கள். பிறகு முனையின் கிழக்கே, துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிறு கோட்டை கட்டிக்கொண்டார்கள். 1640இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். முனை முழுவதையும் வளைத்து மதில் கட்டி, பதினான்கு கொத்தளங்கள் வைத்து, உள்ளே நேர்க்கோட்டுத் தெருக்கள் போட்டு ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். 1796இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. எல்லாத் துறைமுக நகரங்களுக்கும் இப்படி ஒரு கைமாறல் பட்டியல் உண்டு. அதை இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

பழைய வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 1873இல் ஆங்கிலேயர் திறந்த அகலமான புது வாசல் ஆட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் வசதி, அவ்வளவுதான். பழைய வாசலின் வெளிப்புறம் பிரிட்டிஷ் அரச முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்று ஆண்டு. பாசி படிந்து, விளிம்புகள் உப்புக் காற்றில் தேய்ந்திருக்கின்றன.

இந்த வாசலே ஒரு நீண்ட பண்டகசாலையின் வயிற்றைக் குடைந்துகொண்டு போகிறது. தென்னிலங்கைக் கறுவாப்பட்டை கப்பலேறுவதற்கு முன் காத்திருந்த கட்டடம் இது. இப்போது கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம். 1659இல் காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவிக் கரையருகே தரைதட்டி மூழ்கிய ‘அவண்ட்ஸ்டெர்’ என்ற டச்சுக் கப்பலைப் பற்றி இங்கே தெரிந்துகொள்ளலாம். 2001 முதல் முக்குளிப்பவர்கள் பல ஆண்டுகள் உழைத்து, அந்தக் கப்பலின் பொருள்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தார்கள். பாதுகாக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோதே சுனாமி வந்து ஆய்வுக்கூடத்தை அழித்தது. மீட்ட பொருள்களில் ஒரு பகுதி மறுபடியும் போய்விட்டது. தப்பிய பொருள்களின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பது நம் கடமை என்றே எனக்குத் தோன்றியது.

மதில் மேல் நடக்கச் சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்புங்கள். கலங்கரை விளக்கத்தடியில் ஏறினோம். முதல் விளக்கு 1848இல் எழுந்தது. அது தீயில் போனபின் 1939இல் கட்டியதுதான் இப்போதைய வெள்ளைத் தூண். அங்கிருந்து கொடிப்பாறைக் கொத்தளம், டிரைட்டன், நெப்டியூன், கிளிப்பென்பெர்க், ஏயோலஸ் என்று மேற்கும் வடக்குமாக மதில் வளைந்து போகிறது. டிரைட்டனில் ஒரு காலத்தில் காற்றாலை இருந்ததாம். கடல் நீரை இறைத்துத் தெருக்களுக்கு அடியில் ஓடும் சாக்கடைகளைக் கழுவி விடுவதற்காக. பதினேழாம் நூற்றாண்டில் வடிகாலை இவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதை, ஒவ்வொரு மழைக்கும் தெருவில் நீந்தும் நம் நகரங்களிலிருந்து போகிறவர்கள் பெருமூச்சு விடாமல் கேட்க முடியாது.

பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் என் மனைவி குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கருங்கல்லுக்கு இடையே வெளுத்த துண்டுகள். தேன்கூட்டுத் துளைகள் போலச் சிறிய அறைகள், அவற்றுக்குள் நட்சத்திரக் கீறல்கள். பவளப்பாறை! கடலுக்கு அடியில் வளர்ந்ததை வெட்டி எடுத்துச் சுமந்து வந்து, கடலுக்கு எதிராகவே அடுக்கியிருக்கிறார்கள். துளைகளுக்குள் மணலும் சின்னஞ்சிறு சிப்பித் தூளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

யார் சுமந்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. தகவல் பலகைகளில் தளபதிகளின் பெயர் இருக்கிறது, கல் சுமந்தவர் பற்றிப் பேச்சில்லை. டச்சுக் கம்பெனி அடிமைகளை வாங்கி விற்றது, வேலை வாங்கியது. 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் தாண்டவமாடியபோது, தஞ்சைச் சீமையின் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பிடி சோற்றுக்காக விற்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியைக் கம்பெனிக் கப்பல்கள் இலங்கைக்குத்தான் கொண்டுவந்தன. அடுத்த இரண்டாண்டில் இங்கே மதில் வேலை தொடங்குகிறது. அந்தத் தஞ்சைக்காரர்களில் எவரேனும் இந்தக் கற்களைத் தொட்டார்களா என்பதற்கு என் கையில் சான்று இல்லை. ஆனால் அவர்களை நினைக்காமல் இந்த மதிலில் ஒரு தமிழர் நடப்பது நியாயமாகாது.

நிலத்தைப் பார்த்த வடக்குப் பக்கத்தில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று மூன்று பெரிய கொத்தளங்கள். அவற்றின் மேலிருந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானம் முழுவதும் காலடியில் விரிகிறது. டிக்கெட் வாங்காமல் புல்வெளிச் சரிவில் உட்கார்ந்து டெஸ்ட் பார்க்கும் கூட்டம் இந்த ஊரின் நெடுநாள் வழக்கம். 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன் தம் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தது இந்த மைதானத்தில்தான். சுனாமி தின்ற மைதானம் மராமத்துக்குப் பின் 2007 டிசம்பரில் திறந்தது. அது அப்படி எழுந்திராவிட்டால் அந்தப் பந்து வேறு ஊரில் விழுந்திருக்கும்.

மறுநாள் காலை தேவாலயத் தெருவில் 1755இல் கட்டிய டச்சுத் தேவாலயத்துக்குப் போனோம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மண்டை ஓடு, குறுக்கெலும்பு, குடும்ப முத்திரை, பழைய டச்சு எழுத்து. நம் பழவேற்காட்டில் உள்ள டச்சு இடுகாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிற்பக் கை உடனே பிடிபடும். பழவேற்காடும் அதே கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் தலைமை இடமாக இருந்த துறைமுகம்தான். அங்கே கட்டிய ஜெல்டிரியா கோட்டை இன்று முட்புதருக்குள் மண்மேடாகக் கிடக்கிறது. காலி மட்டும் ஏன் நிற்கிறது? பராமரிப்பும், 1988இல் கிடைத்த யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியும் காரணம் என்பார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த மதிலுக்குள் மனிதர்கள் குடியிருப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. கொழும்பில் 1880களில் புதுத் துறைமுகம் வந்ததும் பெரிய கப்பல்கள் காலியைக் கைவிட்டன, வியாபாரம் படுத்தது. ஆனால் வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள்.

அந்த வீடுகளைப் பார்க்க லெயின் பான் தெருவிலும் பெட்லர் தெருவிலும் மெதுவாக நடந்தால் போதும். தெருவோடு ஒட்டிய திண்ணைத் தாழ்வாரம், மரத்தூண்கள், ஆளுயர ஜன்னல்கள், எட்டிப் பார்த்தால் நடுவே முற்றம். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே 1904இல் கட்டிய மீரான் ஜும்ஆ பள்ளிவாசல், இரட்டைக் கோபுரத்தோடு தூரத்திலிருந்து பார்க்க ஒரு போர்த்துகீசிய மாதா கோயில் என்றே தோன்றும். கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம், இரத்தினக்கல் வியாபாரம் அவர்களில் பலருக்குப் பரம்பரைத் தொழில். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்.

தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நாங்கள் பேசிக்கொண்டு போனதைக் கேட்டுக் கூப்பிட்டார். “இந்தியாவா மகன்? வாங்க, உள்ளுக்கு வந்து இரிங்க.” இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி வந்தது, கூடவே உள்ளங்கையில் கடித்துக்கொள்ளக் கொஞ்சம் பனங்கருப்பட்டி போல ஒரு கட்டி. கித்துள் பனையின் வெல்லம் அது.

“எங்கட வாப்பாவும் இந்த ஊட்டுலதான் பொறந்தாரு, நானும் இங்கதான். சுனாமி அண்டைக்கு வெளியில இருந்து ஓடி வந்த ஆக்களுக்கெல்லாம் பள்ளியிலயும் பன்சலையிலயும் சோறு ஆக்கினோம். யாரு எவரு எண்டு பாக்கல்ல” என்றார். பன்சலை என்றால் பௌத்த விகாரை.

“இந்தத் தெருவில் பழைய குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கிறார்களா நானா?” என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எதிர்வீடு வெளிநாட்டுக்காரர் வாங்கி ஹோட்டல் ஆக்கிவிட்டார். அதற்கு அடுத்தது நகைக்கடை. மூலைவீட்டுக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். “நல்ல காசு குடுக்கிறாங்க மகன், புள்ளைகள் விக்கச் சொல்றாங்க. பிழை எண்டும் சொல்ல ஏலாது.”

விற்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஒரு பழைய டச்சுக் கூரையைப் பராமரிக்கும் செலவு என்னவென்று அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். டச்சு மருத்துவமனையாக இருந்த அழகிய கட்டடம் இன்று உணவகங்களும் கடைகளுமாக மாறிவிட்டது. அதில் தவறில்லை, அது பொதுக் கட்டடம். வீடுகளும் ஒவ்வொன்றாக அப்படியே போனால், ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த ஊரில் விருந்தாளிகளும் காவலாளிகளும் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அப்புறம் மதில் இருக்கும், ஊர் இருக்காது.

ஒரு கடைவாசலில் பீரலு லேஸ் பின்னும் பெண்ணைப் பார்த்தோம். திண்டு ஒன்றில் மாதிரிக் காகிதத்தைக் குத்தி, ஊசிகள் நட்டு, நூல் சுற்றிய கடைசல் மரக்குச்சிகளை இரு கையாலும் மாற்றி மாற்றிப் போடுகிறார். குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் கிளிக் ஓசை நிற்பதே இல்லை. ஒரு விரல் நீளம் பின்னி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கூடவே நின்று பார்த்தபின், என் மனைவி பேரம் பேசவில்லை.

காலியில் பார்க்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1911இல் இந்த ஊரில் ஒரு பொறியாளர், மதகு மேல் மூடியாகக் கிடந்த கற்பலகை ஒன்றைக் கண்டார். புரட்டினால் மூன்று மொழிகளில் எழுத்து: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே பொறித்துக் கொண்டுவந்த கல் அது. சீன வாசகம் புத்தருக்கு, பாரசீகம் அல்லாஹ்வுக்கு, தமிழ் வாசகம் தெய்வந்துறையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் என்று மூவருக்கும் ஏறத்தாழச் சமமான காணிக்கை. போர்த்துகீசியர் வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே, இந்தக் கரையில் வந்துபோகிறவர்களிடம் பேசத் தமிழ் வேண்டும் என்று ஒரு சீனப் பேரரசர் அறிந்திருந்தார்.

ஆகவே காலிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடற்கரையில் பகலைக் கழித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கோட்டையைச் சுற்றித் திரும்பாதீர்கள். ஓர் இரவாவது உள்ளே தங்குங்கள். குடும்பங்களே அறை வாடகைக்கு விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அங்கேயே தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகை ஒரு கூரையை இன்னொரு மழைக்குத் தாங்க வைக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடலும் வானமும் அமைதி. திரும்பும் வழியில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், அந்த மும்மொழிக் கல்லைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் வரிகள் அதில் இடப்புறம் மேலே இருக்கின்றன.